குடல் எரியும்போது குளிர்காயும் சால்மோனெல்லா... எப்படி?

ஹோட்டலில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு, காய்ச்சல். ‘உடம்பு கிருமியோட சண்டை போடுது’ என்போம். ஆனால், அந்தக் கிருமி சால்மோனெல்லா என்றால், சண்டையை மூட்டிவிடுவதே அதுதான். சண்டை நடந்தால்தான் அதற்கு லாபம்!

ஏன் சண்டை தேவை?

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. பெரும்பாலானவை ஆக்ஸிஜன் இல்லாமலே வாழ்பவை. புதிதாக வரும் கிருமிக்கு அங்கே இடமும் கிடைக்காது, சாப்பாடும் கிடைக்காது.

என்ன செய்கிறது?

ஊசி போன்ற ஓர் அமைப்பால் குடல் செல்களுக்குள் தன் புரதங்களைச் செலுத்துகிறது சால்மோனெல்லா. உடனே அழற்சி தொடங்குகிறது. வெள்ளை அணுக்கள் திரண்டு வந்து, கிருமியைக் கொல்ல வீரியமான ஆக்ஸிஜன் சேர்மங்களைக் கொட்டுகின்றன.

இங்கேதான் ட்விஸ்ட். அந்தச் சேர்மங்கள், குடலில் இருக்கும் தயோசல்ஃபேட்டை டெட்ராதயோனேட்டாக மாற்றிவிடுகின்றன. ஆக்ஸிஜனுக்குப் பதிலாக இதைவைத்தே சால்மோனெல்லா சுவாசிக்கும். மற்ற குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது முடியாது. விளைவு, போட்டியில் சால்மோனெல்லா முந்துகிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லர் குழு, 2010-ல் எலிகளிடம் இதைக் கண்டறிந்தது. டெட்ராதயோனேட்டைப் பயன்படுத்தும் மரபணுவை நீக்கியதும், அழற்சியுள்ள குடலில் சால்மோனெல்லா பின்தங்கியது. சுவாரசியம் என்னவென்றால், சால்மோனெல்லாவைத் தனியாக வளர்த்தெடுக்க லேப்களில் 1923 முதலே டெட்ராதயோனேட் கரைசல் பயன்பாட்டில் இருக்கிறது!

அப்போ ஆன்டிபயாடிக் போடலாமா?

அவசரப்பட வேண்டாம். பழைய குடியிருப்பாளர்களையும் அது காலி செய்துவிடும். 1950-களில் நடந்த எலி ஆய்வு ஒன்றில், தொற்று ஏற்பட சுமார் 1 லட்சம் சால்மோனெல்லா தேவைப்பட்டது. முன்கூட்டியே ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த எலிகளுக்கோ, அந்த மருந்துக்கு அசராத சால்மோனெல்லா 10-க்கும் குறைவாகவே போதுமானதாக இருந்தது.

ஆரோக்கியமானவர்களுக்கு லேசான, மிதமான சால்மோனெல்லா தொற்று வந்தால் வழக்கமாக ஆன்டிபயாடிக் தேவையில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. இழந்த நீரையும் உப்பையும் ஓஆர்எஸ் மூலம் ஈடுகட்டுவதே முக்கியம். டைபாய்டு வேறு கதை. அதற்கு டாக்டர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக் அவசியம். மலத்தில் ரத்தம், குறையாத காய்ச்சல் இருந்தாலோ, பாதிக்கப்பட்டவர் கைக்குழந்தை, முதியவர் என்றாலோ உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

மற்றபடி, மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் அந்த ‘ரெண்டு மாத்திரை’, நமக்குக் காவல் நிற்கும் பாக்டீரியாக்களைத்தான் முதலில் பதம் பார்க்கக்கூடும்.