கை பிடிக்காத செயின்

கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடைசி நொடியில் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டிவிட்ட பேக்குக்கும் நாலு விசில் கிடைக்கும். ஆனால் எதிரணி விங்கர் இடப்பக்கம் பந்தோடு ஏறும்போது, வலப்பக்கம் சும்மா நின்றிருந்த பேக் நாலு எட்டு உள்ளே வந்து நின்றானே, அவனை யார் பார்த்தது? அவன் வந்து நின்றதால்தான் பந்து நடுவே வரவில்லை. வராத பந்துக்குக் கைதட்டுகிற கூட்டத்தை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

தேனிப் பக்கம் குச்சனூரில் இந்த நாலு எட்டைப் பழக வருடத்தில் சில மாதங்கள்தான் வாய்ப்பு. இரண்டாம் போகம் அறுத்து, வைக்கோலைக் கட்டி ஏற்றிவிட்டால் காய்ந்து கிடக்கும் வயல்தான் மைதானம். ஜூன் முதல் தேதி வாக்கில் பெரியாறு அணையைத் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் நாற்றுக்குத் தயாராகும். பயல்கள் நட்ட கோல் கம்பும் அன்றோடு வீட்டுக்குப் போகும். அப்புறம் ஊருக்குள் கிடைக்கிற பொட்டல்தான். அங்கேயும் சனிக்கிழமை ஆட முடியாது. சனீஸ்வரனைப் பார்க்க வருகிற வேன்கள் நின்றுவிடும். ஆடிச் சனி என்றால் கேட்கவே வேண்டாம், கால் வைக்க இடமிருக்காது.

பயல்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் சின்னமனூரில் வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். கல்லூரி அணியில் ஸ்டாப்பராக, அதாவது நடு பேக்காக நின்றவர். சாயங்காலம் அவர் முதலில் செய்வது, பந்தை வாங்கித் தன் வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது. நாலு பேக்குகளையும் வரிசையாக நிறுத்திவிட்டு, "பந்து அங்குட்டு, வாய்க்கால் ஓரம்" என்பார். நாலு பேரும் வாய்க்கால் பக்கம் நகர வேண்டும். "இப்ப நடுவுல." நாலு பேரும் திரும்ப வேண்டும். "பின்னாடி குடுத்துட்டான்." நாலு பேரும் ஒரே மூச்சில் முன்னால் ஏற வேண்டும். மாடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "பந்து எங்கப்பா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. இத்தாலியில் ஏசி மிலன் அணிக்கு 1987இல் பயிற்சியாளராக வந்த அரிகோ சாக்கியும் இதையேதான் செய்தார். தொழில்முறை ஆட்டமே ஆடாதவர், அப்பாவின் செருப்பு வியாபாரத்தில் இருந்தவர். பந்தே இல்லாமல் பதினொரு பேரையும் மைதானத்தில் நிறுத்தி, பந்து இப்போது இங்கே, இப்போது அங்கே என்று வாயாலேயே ஓட்டுவார். அதற்கேற்ப மொத்த அணியும் நகர வேண்டும். அப்போது இத்தாலியில் வழக்கமே வேறு. உன் ஆள் இவன், அவன் கழிவறைக்குப் போனாலும் பின்னாலேயே போ என்கிற மாதிரி ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்வார்கள். எல்லோருக்கும் பின்னால் ஒருவன் மிச்சத்தைத் துடைத்தெடுப்பான். சாக்கி அதைக் கலைத்தார். நீ பார்க்க வேண்டியது நாலு என்றார்: பந்து, காலி இடம், எதிராளி, கூட ஆடுகிறவன். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில் 25 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று பார்த்துக்கொண்டார்.

நட்சத்திரங்களுக்கு இது பிடிக்குமா? ரூட் குல்லிட்டும் மார்கோ வான் பாஸ்டனும் நம்பவில்லை. பந்தயம் போலவே ஒரு பயிற்சி வைத்தார் சாக்கி. ஒரு பக்கம் கோல் கீப்பர் ஜியோவானி கல்லி, முன்னால் டசோட்டி, மால்டினி, கோஸ்டகுர்டா, பரேசி, ஆக மொத்தம் ஐந்தே பேர். மறுபக்கம் குல்லிட், வான் பாஸ்டன் உள்பட பத்துப் பேர். கால் மணி நேரத்துக்குள் பத்துப் பேரும் சேர்ந்து ஒரு கோல் போட்டுக் காட்டட்டும். பந்தை விட்டுவிட்டால் தங்கள் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பத்துப் பேராலும் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. சாக்கி இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். வெற்றுப் பெருமை என்று தள்ளவும் முடியாது. அந்த 1987-88 லீக்கில் 30 ஆட்டங்களில் மிலன் வாங்கியது 14 கோல்தான், பட்டமும் அவர்களுக்கே. அடுத்த வருடம் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று அனுப்பிவைத்தார்கள்.

இதே காலத்தில் லண்டனில் ஆர்சனல் பயிற்சியாளர் ஜார்ஜ் கிரஹாம் தன் நாலு பேக்குகளையும் ஒரே கயிற்றைப் பிடிக்கச் சொல்லி ஓடவிட்டதாகச் சொல்வார்கள். ஒருவன் பின்தங்கினால் கயிறு இழுக்கும், முந்தினாலும் இழுக்கும். 1990-91 லீக்கில் 38 ஆட்டத்துக்கு 18 கோல்தான் வாங்கியது ஆர்சனல்.

கயிறு என்றதும் எனக்கு நம்ம ஊர் கபடிதான் நினைவுக்கு வந்தது. கயிறு எதற்கு, கையே இருக்கிறதே. பாடி வருகிறவனுக்கு எதிரே கவர் இருவரும் கை கோத்து செயின் போட்டு நிற்பார்கள், ஓரத்தில் கார்னர். பாடுகிறவன் இடப்பக்கம் சாய்ந்தால் செயின் மொத்தமும் அந்தப் பக்கம் வளையும். கூட நிற்பவன் தயங்கினால் அது உள்ளங்கையிலேயே தெரிந்துவிடும். அவன் பாய நினைத்தால் அதுவும் தெரியும். கண்ணால் பார்க்கவே தேவையில்லை. கார்னர் காலைப் பிடித்த மறு நொடி கவர் இடுப்பில் விழ வேண்டும். கவர் வருவதற்கு முன்பே கார்னர் அவசரப்பட்டுப் பாய்ந்தால் எதிராளிக்குச் சும்மா ஒரு பாயிண்ட்.

2022 புரோ கபடியில் தமிழ் தலைவாஸுக்கு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 2.26 கோடி ரூபாய் கொடுத்து எடுத்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். அவ்வளவுதான் கதை என்றார்கள். நரேந்தர் என்ற இளைஞர் பாடிப் பாடிப் புள்ளி சேர்த்தார், அதை மறைக்க முடியாது. ஆனால் அணியை நிமிர்த்தியதில் பாதிப் பங்கு கார்னர்கள் சாகர், சாஹில் குலியா, கவர்கள் அபிஷேக், மோஹித் என்ற நால்வருக்கு. தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதி போனது அந்த வருடம்தான். அங்கே புனேரி பல்தானிடம் இரண்டே புள்ளியில் தோற்றார்கள்.

இப்போது குச்சனூர் பயல்களின் சிக்கலுக்கு வருகிறேன். இவர்கள் எல்லோரும் கபடி ஆடி வளர்ந்தவர்கள். ஃபுட்பாலில் அந்தக் கையை விட்டுவிடச் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்பவன் பத்துப் பன்னிரண்டு எட்டுக்கு அப்பால் நிற்கிறான். அவன் ஏறப்போகிறானா இறங்கப்போகிறானா என்பது உள்ளங்கைக்கு வராது. அதற்குப் பதிலாக இருப்பது தொண்டைதான்.

அந்தத் தொண்டையில்தான் நம்ம ஊரின் ஒரு பழைய முடிச்சு சிக்கிக்கொள்கிறது. அணியின் ஸ்டாப்பர் பத்தாம் வகுப்புப் பையன். மொத்த ஆட்டமும் முகத்துக்கு நேரே தெரிகிற இடத்தில் நிற்பதால் பேக்குகளின் கோடு ஏறுவதும் இறங்குவதும் அவன் குரலில்தான் நடக்க வேண்டும். லெஃப்ட் பேக் அவனுடைய பெரியப்பா மகன், வேலைக்குப் போகிறவன். ரைட் பேக் முறையில் மாமா. "அண்ணே, கொஞ்சம் மேல ஏறுங்கண்ணே" என்று இவன் மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி பந்தை வாங்கித் திரும்பிவிடுகிறான். மாமாவைக் கூப்பிடவோ இவனுக்கு வாயே வராது. முதல் மாதம் விழுந்த கோல்களில் பாதி இப்படி விழுந்தவை என்றார் மண்டிக்காரர். "கோட்டுக்குள்ள அண்ணனும் கிடையாது, மாமனும் கிடையாது. ஏறு, இறங்கு, விடு, ஆளு. இந்த நாலு வார்த்தைக்கு மேல எவன் பேசினாலும் வெளியே" என்று சட்டம் போட்டார். இப்போது பத்தாம் வகுப்புப் பையன் "ஏறு!" என்று கத்துகிற கத்தலில் கரையில் நிற்கிற எனக்கே ஒரு எட்டு முன்னால் போகத் தோன்றுகிறது. விசில் ஊதியதும் "தண்ணி குடிக்கிறீங்களா மாமா" என்று பாட்டிலை நீட்டுகிறான்.

எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது? பந்து வைத்திருப்பவன் குனிந்திருந்தாலோ, முதுகைக் காட்டினாலோ, பின்னால் தள்ளினாலோ ஏறு. அவன் முன்னால் ஆளில்லாமல் நிமிர்ந்து தூரத்தைப் பார்த்தால் இறங்கு. லெஃப்ட் பேக் பந்தை நோக்கிப் போனால் பக்கத்து ஸ்டாப்பர் அவனுக்குப் பின்னால் சாய்வாக வந்து நிற்க, மற்ற இருவரும் இழுபட்டு நகர்வார்கள். இதில் பையன்களுக்கு மிகவும் கஷ்டமானது, எதிர்ப்பக்க ஓரத்தில் நிற்கிற எதிரணி ஆளை விட்டுவிட்டு உள்ளே வருவது. "அவன் தனியா நிக்கிறாண்ணே" என்று அழாத குறையாகச் சொல்வார்கள். நிற்கட்டும். அவ்வளவு தூரம் பந்து காற்றில் பறந்து வருவதற்குள் திரும்ப ஓடிவிடலாம். இதை நம்புவதற்குத்தான் மாதக்கணக்கில் பிடிக்கிறது.

இந்தப் பழக்கம் தானாகவே வருகிற இடம் உண்டா? போடிமெட்டு ஏறினால் மூணாறு. அங்கே வெள்ளைக்காரத் துரைகள் காலத்திலிருந்து ஃபின்லே கேடயத்துக்காக எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் ஃபுட்பால் போட்டி நடக்கிறது. ஆடுகிறவர்களில் பலர் நம் பக்கத்திலிருந்து மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். ஒரே லயத்தில் பிறந்து ஒரே மலைச்சரிவில் வேலை செய்கிறவர்களுக்குப் பாதிப் பழக்கம் தானாக வந்துவிடும் என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. சேர்ந்து வாழ்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து நகர்வார்கள் என்றால் நம் பங்காளிகளை வைத்து உலகக் கோப்பையே வாங்கிவிடலாம்.

பயல்களுக்கு இன்னொரு தலைவலி பாக்கி. கேரளத்துப் பக்கம் பெயர்போன, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் ஆஃப்சைட் கிடையாது. கோடு பிடித்து ஏறினால் முதுகுக்குப் பின்னால் ஒருவன் வெயில் காய்ந்துகொண்டு நிற்பான். பதினொரு பேர் ஆட்டத்தில் ஆஃப்சைட் உண்டு, ஆனால் ஊர்ப் போட்டியில் கொடி பிடிக்கிறவர் பெரும்பாலும் அங்கே சும்மா இருந்த ஆள், சில சமயம் எதிரணியின் உபரி ஆட்டக்காரரே. அதனால் மண்டிக்காரர் பேக்குகளின் கோட்டைப் பெனால்டி பெட்டிக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறார். ஆஃப்சைட் கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு அடுத்த ஆட்டம் பெஞ்சுதான். போன வாரம் மாமா உட்கார்ந்திருந்தார்.