வெறும் பையோடு வந்த நாள்



வைகாசிப் போயா விடுமுறையன்று எங்கள் மாதர் சங்கப் பெண்கள் பதினொரு பேரும் நானும் மட்டக்களப்பு முகத்துவாரத்துக்கு மீன் பிடிக்கப் போனோம். குழம்புக்கு ஆகக்கூடிய ஒரு மீனும் கிடைக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

இவர்கள் படுவான்கரைப் பெண்கள். வயலும் மாடும்தான் சீவனம். முகத்துவாரம் என்றால் இவர்களுக்கு மாரி வெள்ளம்தான் ஞாபகம். வாவி பெருகி வயலை மூடும்போது "வாய் வெட்டியாச்சா?" என்று கேட்டபடியே இருப்பார்கள். அங்குள்ள மணல் திட்டை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் கடலுக்கு வடியும். ஆயினும் அந்த இடத்தைப் பலர் நேரில் கண்டதில்லை. தண்ணீர்ப் பயணமும் இவர்களுக்கு உல்லாசம் அல்ல. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். யுத்த காலத்தில் அக்கரையில் இறங்கினால் அடையாள அட்டை, சோதனை, கேள்வி. 2007இல் இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளை அணைத்தபடி தோணியில் கடந்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

ஆனால் தண்ணீரைவிட ஊர்ச்சொல்லுக்குத்தான் கூடப் பயந்தார்கள். "புருசன் இல்லாதவளுக்கு மீன்பிடிச் சவாரி கேக்குதோ எண்டு கேப்பாங்க மிஸ்" என்றார் ஓர் அக்கா. காணாமல் ஆக்கப்பட்ட கணவரைத் தேடித் திரிபவர் அவர். ஆணைக்குழு, ஆர்ப்பாட்டம் என்று அவர் போகும்போது ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சிரிக்கப் போனால் மட்டும் கேள்வி வருகிறது. கடைசியில், "கறிக்கு மீன் கொண்டுவரப் போறம்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

பஸ் பிந்திவிட்டது. போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. "விடியச் சாமமும் பொழுதுபடவும்தான் மீன் நல்லாக் கடிக்கும் புள்ளைகள்" என்று தோணிக்கார ஐயா சிரித்தார். என்றாலும் தங்கூசியும் முள்ளும் தந்து, முள்ளின் நுனி தெரியாமல் இறாலைக் கோக்கவும் காட்டித் தந்தார். இரண்டு தோணிகளில் வாவிக்குள் இருந்தோம். ஒரு தரம் தங்கூசி இழுபட்டது. நாங்கள் போட்ட கூச்சலில் கரையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். வந்தது பேத்தை, வயிறு ஊதிப் பந்து போல. சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது. ஐயா கழற்றித் தண்ணீரில் விட்டார். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்!

அந்த அக்காவின் தங்கூசியை ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். வெறும் முள்.

"இரை போயிட்டுது அக்கா."

"அது எப்பவோ போயிட்டுது மிஸ். கிடக்கட்டும். சும்மா பிடிச்சுக்கொண்டு இருக்க நல்லாக் கிடக்கு."

இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இது வேறு விதமான பேசாமை.

மத்தியானம் மணல் திட்டில் நடந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாய் மூடிக் கிடந்தது. எங்களில் மூத்தவர் காலால் மணலைத் தட்டி, "இந்த மண்ணுக்காகவா அவ்வளவு காலமும் பார்த்துக் கிடந்தம்?" என்றார். பிட்டும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டோம். ஒருவர் பொரித்த கருவாடும் கொண்டு வந்திருந்தார். எங்கள் மீன்பிடியில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை!

திரும்பும்போது ஒரு பிரச்சினை. சந்தையில் நான்கு மீன் வாங்கிக்கொண்டு போனால் மானம் தப்பும் என்றார் ஒருவர். பஸ் காசு போக மிச்சத்தை எண்ணியும் பார்த்தார்கள். வேண்டாம் என்றது அந்த அக்காதான். ஊர்ச் சந்தியில் கடைக்காரர், "மீன் எங்க?" என்று கேட்டபோது, "கடலுக்குள்ளதான் கிடக்கு. போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். பின்னால் வந்த நாங்கள் சந்தியிலேயே சிரித்துவிட்டோம்.

அலுவலகத்துக்கு நான் அறிக்கை எழுத வேண்டும். அதில் 'பயணத்தின் பயன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இன்னும் நிரப்பவில்லை. சங்கத்தில் இப்போது வேறு பேச்சு. அடுத்த முறை முதல் நாளே போய்த் தங்கலாமா என்று கேட்கிறார்கள். விடியச் சாமம் மீன் கடிக்குமாம்.