கூலி எவ்வளவு மக்களே?

போன கும்பப்பூ நடவுக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கூட்டம் நடந்தது. நாஞ்சில் வேளாண்மையைக் காக்கப் பெண்கள் தன்னார்வப் படை அமைக்கப் போகிறார்களாம். நடத்தியவர்களின் பெயர் தேவையில்லை. எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். திரையில் ஒரு பழைய பிரிட்டிஷ் சுவரொட்டி. கையில் வைக்கோல் கவையோடு சிரிக்கும் வெள்ளைக்காரப் பெண். "போரில் ஒரு நாட்டையே பட்டினியிலிருந்து காத்தவர்கள் இவர்கள், நாமும் வயலில் இறங்கினால் என்ன?" என்றார் பேசிய தம்பி. படிவம் சுற்றி வந்தது. நடவு, களை, அறுப்பு என்றே வயதைக் கழித்த என் அம்மை அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கூலி எவ்வளவு மக்களே?"

சிரித்தார்கள். "இது சேவை அம்மா."

தோழர்களே, அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் அந்தச் சுவரொட்டி. பிரிட்டனின் பெண்கள் நிலப்படை 1917இல் தொடங்கி 1919இல் கலைக்கப்பட்டது. 1939இல் திரும்பவும் அமைத்தார்கள். உச்சத்தில் 80,000 பெண்களுக்கு மேல் இருந்தார்கள். 1950இல் மூடினார்கள். இதெல்லாம் மேடையில் சொன்னார்கள். சொல்லாமல் விட்டது, அந்தப் பெண்களுக்கு வாரக் கூலி இருந்தது என்பதை. ஆண்களைவிடக் குறைவுதான், ஆனால் இருந்தது. போர் முடியும் நேரத்தில், படைவீரர்களுக்குக் கொடுக்கும் பணிக்கொடையை இவர்களுக்குத் தர அரசு மறுத்தது. அதை எதிர்த்து 1945 பிப்ரவரியில் பதவியைத் தூக்கி எறிந்தவர் அந்தப் படையின் தலைவியான டென்மன் சீமாட்டி. சீமாட்டிக்கே அது கூலிப் பிரச்சினை என்று புரிந்திருக்கிறது. நம் ஊர்த் தம்பிகளுக்கு அது சேவை.

இப்போது நம் வயலுக்கு வருவோம். தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் இந்த வயல்களில் காலங்காலமாக நாற்று நட்டவர்கள் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள்? அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் இருக்கிறது அவர்கள் கணக்கு. ஆளை விற்ற ஓலை, ஒற்றி வைத்த ஓலை. 1812இல் திருவிதாங்கூர் அரசு அடிமை விற்பனைக்குத் தடை போட்டது. யாரை விட்டுவிட்டுத் தெரியுமா? வயல் வேலையோடு கட்டப்பட்டிருந்த சாதிகளை. பறையர், பள்ளர், குறவர்... சட்டம் எங்கள் வீட்டு வாசல் வரை வந்து, வயலைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் கூலியை அளந்தது பண்ணையாரின் மரக்கால்தான்.

நாஞ்சில் நாட்டின் நெல்மணத்தைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் உண்டு. நானும் ரசித்துப் படித்திருக்கிறேன். அந்த மணத்தில் எங்கள் பாட்டிமாரின் சேற்றுப்புண் நாற்றம் மட்டும் எப்படியோ வருவதே இல்லை.

"வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை" என்பது இப்போதைய ஒப்பாரி. நூறு நாள் வேலை கெடுத்துவிட்டதாம், படிப்பு கெடுத்துவிட்டதாம். கெடுக்கட்டும். எங்கள் அம்மைமார் குனிந்து நட்டதே நாங்கள் அந்த வயலில் குனியக் கூடாது என்பதற்குத்தான். வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள கணக்கை அய்யங்காளி நூறு வருடத்துக்கு முன்பே போட்டுவிட்டார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று திருவிதாங்கூரில் வேலைநிறுத்தம் நடத்தினார். பஞ்சமி என்கிற புலையர் சிறுமியை அவர் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கூட்டிப் போனபோது, ஆதிக்கச் சாதியார் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். வயலில் இறங்க மறுத்ததும் வேளாண்மை வரலாறுதான்.

பெண்கள் திரண்டு வேளாண்மையைக் காத்த கதை வேண்டுமென்றால் இங்கிலாந்து வரை போக வேண்டாம், கீழத்தஞ்சை போதும். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அங்கேயும் கேட்டது கூலிதான். கூடுதலாக அரைப்படி நெல். அந்தச் சாம்பலைப் பார்த்து அங்கே போனவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1981இல் தன் இணையரோடு லாஃப்டி என்ற உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். பண்ணை நிலத்தை விலை பேசி வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்து, பெண்கள் பெயரில் பதிந்தார்கள். ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்கள் அப்படி நிலம் பெற்றன.

சர்வோதய வழியில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. தலைமுறை தலைமுறையாக எங்கள் உழைப்பில் விளைந்த நிலத்துக்கு நாங்களே விலை கொடுப்பதா? அது தனிச் சண்டை, இன்னொரு நாள் போடலாம். ஆனால் கிருஷ்ணம்மாள் பெண்களை அழைத்தது பிறத்தியார் வயலில் இலவசமாக நடுவதற்கு இல்லை. பத்திரத்தில் கைநாட்டு வைக்க அழைத்தார்.

சனி ஞாயிறில் சேற்றில் இறங்கி, கணுக்கால் நனைந்ததும் செல்ஃபி எடுத்துக் கரையேறுகிற அக்காமார் மேல் எனக்குக் கோபமில்லை. வரட்டும், முதுகு வலி தெரியட்டும். ஆனால் விளைச்சல் போவது யார் களத்துக்கு? கூலிக்காரியின் இடத்தில் தன்னார்வலர் வந்து நின்றால் மிச்சமாகும் பணம் யார் மடியில்? கூட்டத்தில் இதைக் கேட்டேன். தேநீர் இடைவேளை என்றார்கள்.

அந்தப் படிவத்தில் பெயர், வயது, கைபேசி எண் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. கூலிக்கு ஒன்று, பட்டா எண்ணுக்கு ஒன்று சேர்த்து அச்சடித்துக் கொண்டு வாருங்கள். அம்மை வீட்டில்தான் இருக்கிறாள், கையெழுத்துப் போடுவாள்.