வயசைப் பார்க்காதீங்க, புகையைப் பாருங்க

மலைக்கு வருகிற டவுன்காரர்கள் எங்கள் பழைய ஜீப்புகளைப் பார்த்து ரெண்டு விதமாகப் பேசுவார்கள். ரோட்டோரம் சும்மா நின்றால் ‘சூப்பர்’ என்று பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். அதே ஜீப் கொண்டை ஊசி வளைவில் அவர்கள் காருக்கு முன்னால் புகை தள்ளிக்கொண்டு ஏறினால், ‘இதையெல்லாம் காயலான் கடைக்கு அனுப்பாம இன்னும் ஏன் ஓட்டறாங்க’ என்பார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புகைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-லேயே சொல்லிவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரில் வருகிறவருக்கு அந்தப் புகை ரெண்டு நிமிஷம். ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும், காபி மூட்டைமேல் உட்கார்ந்து வருகிற பொம்பளைக்கும் அது தினமும். புகை நிற்கணும் என்பதில் உங்களைவிட எங்களுக்குத்தான் அவசரம். என் சண்டை வேறு. புகைக்குக் காரணம் வண்டியின் வயசு என்கிறார்களே, அதோடுதான்.

வயசு காரணம் இல்லை. வியாதிதான் காரணம். வியாதி என்ன என்று வண்டியே சொல்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

கறுப்புப் புகை வந்தால், டீசல் அதிகம், காற்று கம்மி என்று அர்த்தம். முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர். எங்கள் செம்மண் பாதையில் ஒரு காபி சீசன் ஓடினாலே அது அடைத்துப்போகும். அடுத்தது, காற்று போகிற ஹோஸ்கள், கிளாம்புகள். அதற்கப்புறம்தான் நாசில், பம்ப், டர்போ எல்லாம். பெரிய கியரில் வைத்து இஞ்சினைத் திணறடித்து ஏற்றினாலும் கறுப்பு வரும். அதற்கு ஸ்பேனர் வேண்டாம், கியரைக் குறைத்தால் போதும்.

நீலப் புகை வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம், டர்போ வழியாகவும் ஆயில் இறங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும், பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இதே நீலம்தான் வரும்.

வெள்ளையில் ரெண்டு ஜாதி உண்டு. கண்ணை எரிக்கிற நெடியோடு வந்தால் அது எரியாத டீசல். மார்கழிக் குளிரில் ஹீட்டர் பிளக் வேலை செய்யாத வண்டி எல்லாம் இப்படித்தான் தள்ளும். இஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால் பெரிய பயம் இல்லை. சூடான பிறகும் நிற்காமல், லேசாக இனிப்பு வாசனையோடு வந்து, ரேடியேட்டரில் தண்ணியும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இதில் எங்காவது வண்டியின் பிறந்த தேதி வந்ததா?

மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். சேலத்துக் காற்றைவிட இங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறைவு. பழைய பியூஜோ இஞ்சின் ஜீப்புகளில் டர்போ கிடையாது. கீழே டவுனில் பம்ப் செட் பண்ணி ‘நல்லா இழுக்கும்’ என்று டீசலை ஏற்றிவிட்டால், மேலே வந்ததும் அதே வண்டி கறுப்பாகக் கக்கும். டர்போ உள்ள பொலிரோ, ஸ்கார்பியோவுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதனால் காற்றை அழுத்தி இஞ்சினுக்கு ஊட்டுகிறது டர்போ. 1905-ல் சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூச்சி பேட்டன்ட் வாங்கிய யோசனை அது. அதனால்தான் டர்போ பக்கம் ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் சமவெளியில் தெரியாது, மலையில் முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது ஒர்க்‌ஷாப் சங்கதிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் பொலிரோ. ஏற்றத்தில் இழுவை இல்லை, கறுப்புப் புகை. கீழே கொண்டுபோன இடத்தில் பானட்டைத் திறந்த அஞ்சாவது நிமிஷத்தில் ‘டர்போ போச்சு, நாசிலும் மாத்தணும், வண்டிக்கும் வயசாயிடுச்சு’ என்று நாற்பதாயிரத்துக்குக் கணக்கு எழுதினார்கள். டர்போவில் கைவைத்துக்கூடப் பார்க்கவில்லை. மனுஷன் மிளகை அடமானம் வைக்கிற யோசனையில் திரும்பி வந்தார். நம்ம ஊர் மெக்கானிக் ஹோஸைக் கையால் வளைத்து அடிப்பக்கம் தடவிப் பார்த்தார். விரல் நீளத்துக்கு வெடிப்பு, ஓரத்தில் ஆயில் ஈரம். சும்மா நிற்கும்போது வெடிப்பு மூடிக்கொள்ளும், டர்போ அழுத்தம் கொடுக்கும்போது திறந்துகொள்ளும். ஒரு ஹோஸ், ரெண்டு கிளாம்ப். புகையும் போச்சு, இழுவையும் வந்தது. டர்போ இன்றைக்கும் பழசுதான்.

டர்போ கெடவே கெடாது என்று சொல்லவில்லை. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான் அது, நடுவில் மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆயில் அழுக்கானால் சாகும். ஏறி வந்த வேகத்தில் டக்கென்று சாவியைத் திருப்பி நிறுத்தினால், உள்ளே ஆயில் கருகிக் கரியாகப் படியும். ஃபில்டர் டப்பா சரியாக மூடாவிட்டால் மண் போய் இறக்கையைத் தின்னும். அது கெட்டதா என்று பார்க்க ஜோசியம் வேண்டாம். இஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ஹோஸைக் கழற்றி நடுத் தண்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆடினால் தப்பில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசியிருந்தாலோ அதன் கதை முடிந்தது. ஹோஸுக்குள் லேசான ஆயில் ஈரம் இருப்பதை மட்டும் காட்டி டர்போ விற்கப் பார்த்தால், எழுந்து வந்துவிடுங்கள். பிரீதர் வழியாக அது எப்போதும் கொஞ்சம் வரும்.

நிஜமாகவே போயிருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அது ஏன் செத்தது? ஆயில் வருகிற குழாயில் கரி அடைத்திருந்தால், அதே குழாயில் மாட்டுகிற புது டர்போவும் சீக்கிரமே போய்ச் சேரும். ஆயில் திரும்பி இறங்குகிற குழாய் அடைத்திருந்தால், நல்ல டர்போவே நீலப் புகை விடும். காரணத்தைத் தேடாமல் சாமானை மாத்துவது வைத்தியம் இல்லை, வியாபாரம்.

விஷயம் காசோடும் நிற்பதில்லை. டர்போவில் இருந்து ஆயில் கொட்ட ஆரம்பித்தால், டீசல் இஞ்சின் அந்த ஆயிலையே குடித்துத் தானாக அலறி ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. பிரேக்கை முழுசாக மிதித்து, டாப் கியரில் போட்டு கிளட்சை விட்டு அணைக்கத்தான் முடியும். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள ரோட்டில், பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது நடக்கக் கூடாது. அதனால்தான் நீலப் புகையைப் பார்த்து ‘பழைய வண்டின்னா அப்படித்தான்’ என்கிறவர் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. காயலான் கடைக்கு அனுப்பு என்கிறவரும், கிடக்கட்டும் விடு என்கிறவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ரெண்டு பேருமே வண்டியைப் பார்க்கவில்லை.

சர்க்காரும் பார்க்கவில்லை. டெல்லி சுற்றுவட்டாரத்தில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வண்டிகளுக்கு பங்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்று கொண்டுவந்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். நமக்கு அந்தத் தடை இல்லை. பதினஞ்சு வருஷம் முடிந்தால் மறுபதிவு, அந்தக் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5000 ஆகிவிட்டது. எல்லாக் கணக்கும் வருஷத்தில்தான்.

புகையை அளக்கிற சோதனை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பழைய டீசலுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ், பிஎஸ்4 வண்டிக்கு 50 என்று வரம்பும் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் வண்டி நின்ற இடத்தில் பாரமே இல்லாமல் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். வெடித்த ஹோஸ் அங்கே வாயை மூடிக்கொள்ளும். மூட்டை ஏற்றி மலை ஏறும்போதுதான் திறக்கும். அளக்கிற இடத்தில் புகை இல்லை, புகைகிற இடத்தில் அளக்க ஆள் இல்லை.

புது வண்டி சுத்தம் என்பதையும் மறுக்கவில்லை. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கிறது, பழசு அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் புதுசு என்பதே சர்டிபிகேட் ஆகிவிடாது. 2015-ல் மாட்டிய ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்கள் கண்ணுக்குப் புகையே விடவில்லை. சோதனையை ஏமாற்றுகிற சாஃப்ட்வேரை வைத்து, கண்ணுக்குத் தெரியாத விஷத்தை விட்டுக்கொண்டிருந்தன. உலகம் பூராவும் ஒரு கோடிக்கு மேல் வண்டிகள். புது வண்டிக்கு லட்சக்கணக்கில் வேண்டும். ரெண்டு ஏக்கர் காபியும் கொஞ்சம் மிளகும் வைத்திருக்கிறவன் எங்கே போவான்? ஜீப்பைப் பிடுங்கிக்கொண்டால் மூட்டை தலைமேல் ஏறும், பிரசவத்துக்குப் போகிறவள் தூளியில் ஏறுவாள்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வண்டியைப் பாரத்தோடு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துச் சோதனை செய்யுங்கள். தேறாத வண்டிக்கு எது கெட்டது என்று எழுதிக் கொடுத்து, சரிசெய்ய ஒரு மாசம் தவணை கொடுங்கள். அதற்கப்புறமும் புகைந்தால் பிடித்து நிறுத்துங்கள், நானே கைதட்டுகிறேன்.

டவுனில் பழைய ஸ்கார்பியோ, சுமோ, சஃபாரி வைத்திருக்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். டர்போ போச்சு என்று யாராவது சொன்னால், ‘தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டுங்க’ என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். காட்ட மாட்டேன் என்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.