கழிகலம் கழுவிய கை!

தகுதி, திறமை என்று சிலர் ஓயாமல் ஓதுகிறார்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? எது தகுதி? அதை அளக்கும் கோல் எது? அந்தக் கோல் யார் கையில் இருக்கிறது? நாம் கேட்பது இவ்வளவுதான். கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே, கேள்வியைச் சற்றே ஒத்திவைத்து, ஒரு மனிதரின் வரலாற்றை அவர்கள் முன் வைக்கிறோம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதினார், தோற்றார். மீண்டும் எழுதினார், மீண்டும் தோற்றார். மூன்றாவது முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். மதிப்பெண்தான் மதி என்போர் இரண்டாவது முறையோடு கணக்கை முடித்திருப்பார்கள். 'மக்கு' என்று முத்திரை குத்தி, மூட்டை கட்டி அனுப்பியிருப்பார்கள்!

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியாரின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தி அறுவை வகுப்புக்குப் போனார். கதரைப் பற்றி நமக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனால், மாணவன் உடுத்திய துணிக்கும் அவன் கற்ற மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு? ஆங்கிலப் பேராசிரியருக்குச் சினம் வந்தது. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், அந்தக் கதவும் அடைபட்டது. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்து நாளை ஓட்டினார்.

உடன்பிறந்தவரை 'ஸ்புரூ' என்ற குடல்நோய் கொண்டுபோயிருந்தது. உண்ட உணவு உடலில் ஒட்டாமல், இரத்தம் வற்றி, ஆளை உருக்கிக் கொல்லும் நோய் அது. அந்தத் துயரம் நெஞ்சிலே. மாமனார் திரட்டித் தந்த பணம் கையிலே. இளம் மனைவியை விட்டுக் கப்பலேறி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் சேர்ந்தார். மனைவியை அவர் மீண்டும் காணவே இல்லை.

அங்கே மாலையோடு யாரும் காத்திருக்கவில்லை. மருத்துவம் பார்க்க உரிமம் இல்லை. ஆகவே, மருத்துவமனையில் இரவு ஊழியரானார். கதவு திறப்பது, படுக்கை விரிப்பை மாற்றுவது, நோயாளியின் சிறுநீர்க்கலம் கழுவுவது அவர் வேலை. தோழர்களே! அந்த வேலையைச் செய்வோர் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களை நிமிர்ந்து பார்க்காமல் நடப்போர் எத்தனை பேர்!

கலம் கழுவிய அந்தக் கை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சோதனைக் குழாயையும் ஏந்தியது. 1925-இல், பிஸ்க் என்ற ஆசிரியரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்தார். இருவர் பெயரும் அந்த முறைக்கே சூட்டப்பட்டது. 1929-இல் ஏ.டி.பி. என்ற பொருளை இருவரும் கண்டறிந்தனர். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் அதைத் தனியே கண்டார். சம்மட்டி ஓங்கும் கைக்கும், மூட்டை சுமக்கும் தோளுக்கும் ஆற்றல் தருவது அந்த ஏ.டி.பி.தான். இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை!

1940-இல், நியூயார்க் மாநிலத்து லெடர்லி மருந்து நிறுவனம் சென்றார். ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். எட்டே ஆண்டுகள்தான். விளைவைக் கேளுங்கள்.

அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உடன்பிறந்தவரைக் கொன்ற ஸ்புரூவுக்கு அது மருந்தாயிற்று. இன்று கருவுற்ற தாய்மாருக்கு இரும்புச்சத்தோடு தருகிறார்களே, அதுவும் அதுதான். அந்த அமிலத்தைப் போலவே தோன்றி, புற்றணுவை ஏமாற்றும் பொருளையும் அக்குழு செய்தது. பூட்டில் நுழையும், ஆனால் திறக்காத கள்ளச்சாவி போன்றது அது. பாஸ்டன் மருத்துவர் ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948-இல் அறிவித்தார். அந்த மருந்தின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்றும் பயன்படுகிறது. பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்ற முதியவர் டகர், சுப்பாராவின் தலைமையில் பணியாற்றித்தான் ஆரியோமைசினைக் கண்டார். டெட்ராசைக்ளின் மருந்துக் குடும்பத்துக்கு அது மூத்த பிள்ளை.

யானைக்கால் நோய்க்கான மருந்தும் 1947-இல் அங்கேதான் பிறந்தது. வீங்கிய காலை அது வற்றச் செய்யாது. இரத்தத்தில் திரியும் புழுக்குஞ்சுகளை அழிக்கும். கொசு கடித்தாலும் நோய் அடுத்தவருக்குத் தாவாது. நம் ஊர்களில் வீடு வீடாக வழங்கிய டி.இ.சி. மாத்திரை அதுவே. சென்னை 'போதாது' என்று அனுப்பியவரின் மருந்து, தமிழகத்துத் தெருக்களுக்கே திரும்பி வந்தது!

அவர் உழைத்த நாடு அவரைத் தன்னவராக ஏற்றதா? இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல்தான் சட்டம் மாறியது. 1948 ஆகஸ்ட் 8 அன்று, 53-ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். நோபல் பரிசு இல்லை. இந்தியா அஞ்சல்தலை வெளியிட்டது 1995-இல்.

"பார்த்தீரா, இடர்ப்பட்டதால்தான் மேதையானார்!" என்று சிலர் பாடம் சொல்ல வருவார்கள். நம்பாதீர்கள். அடைத்த கதவு அவரை ஆக்கவில்லை. அடைத்த பிறகும் அவர் பிழைத்தார். கப்பல் கட்டணம் தர மாமனார் இல்லாதவன் என்ன ஆனான்? மூன்றாம் முறை எழுதப் பணம் இல்லாதவன் எங்கே போனான்? அவன் கண்டிருக்கக்கூடிய மருந்து எது? கணக்குச் சொல்ல யாரால் முடியும்?

தோழர்களே! நம் தெருவிலும் தேர்வில் தோற்ற பிள்ளை ஒருவன் இருப்பான். திண்ணையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். இன்று மாலையே அவனைத் தேடிச் செல்வோம். இந்த வரலாற்றைச் சொல்வோம். மறுதேர்வுக்கான கட்டணத்தை நாலு பேர் சேர்ந்து கட்டுவோம். தகுதி பற்றிப் பேசுவதைவிட அது தகுதியான வேலை!