பச்சிலையும் பாதியில் நின்ற மாத்திரையும்

சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் பஞ்சாலைச் சங்குகள் பல ஓய்ந்துவிட்டன. பாட்டாளியின் இருமல் ஓயவில்லை! காசநோய்க்கு மருந்தில்லையா? இருக்கிறது. அரசு மருத்துவமனையிலே அதற்குக் காசு கேட்கிறார்களா? இல்லை. ஆறு மாதம் ஒழுங்காக விழுங்கினால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அப்படியிருந்தும், பாதி வழியிலே மாத்திரையை வீசிவிட்டுப் போகிறவர் இருக்கிறாரே, ஏன்?

"ஏனுங்க, இந்த மாத்திரை ஒடம்புக்குச் சூடுங்க. அதை நிறுத்திப்போட்டுத் தழைச்சாறு குடிக்கிறனுங்க" என்கிறார் நம் தோழர். அறிவிலி என்று ஏசிவிட்டுப் போவது எளிது. நாம் ஏசமாட்டோம். அவர் சொல்லும் தொல்லை பொய்யல்ல. குமட்டல் உண்டு, பசி மந்தம் உண்டு, உள்ளங்காலிலே எரிச்சல் உண்டு, சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதும் உண்டு. இவற்றில் எது அஞ்சத்தக்கது, எது அஞ்சத்தகாதது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் குறை!

நாம் சொல்கிறோம், கேளுங்கள். சிறுநீர் செம்மஞ்சளாவது ரிஃபாம்பிசின் என்னும் மருந்தின் நிறம், அதனால் கேடில்லை. ஆனால் சோறு கண்டாலே வெறுப்பு, ஓயாத வாந்தி, கண்ணிலே மஞ்சள் என்றால், அது ஈரல் எழுப்பும் அபாயச் சங்கு! ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் சிலருக்கு ஈரலைத் தாக்கக்கூடியவை. பார்வை மங்கினால் எத்தாம்பூட்டால் காரணமாக இருக்கலாம். இவற்றைக் கண்டால் மறுநாள் என்று தள்ளாமல் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஓடுகிறோமா? மஞ்சள் காமாலை என்றதும் வீட்டு ஆத்தா கீழாநெல்லியை அரைக்கிறார். பாசத்தோடுதான் அரைக்கிறார், பழிக்க மாட்டோம். ஆனால் இங்கே ஈரலைத் தாக்குவது மாத்திரை. சாற்றைக் குடித்துக்கொண்டே மாத்திரையையும் விழுங்கினால் ஈரல் அழியும், உயிரும் போகலாம். சாறு போதும் என்று மாத்திரையை அடியோடு விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரும். மனைவிக்கும் மக்களுக்கும் அதுவே தொற்றும். இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே ஒரு பாதை உண்டு. டாக்டர் இரத்தத்தைச் சோதித்து, மாத்திரையை நிறுத்தி, ஈரல் தேறியபின் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பக் கொடுப்பார். அந்தப் பாதை மருத்துவமனை வாயிலிலேதான் தொடங்குகிறது.

"தமிழன் மருத்துவத்தையா பழிக்கிறீர்?" என்று சிலர் சீறுவர். பழிக்கவில்லை, சித்த மருத்துவம் நம் செல்வம் என்றே சொல்கிறோம். செல்வத்தை உரைத்துப் பார்ப்பவன் அதன் எதிரியா? கீழாநெல்லியைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உரைத்துப் பார்த்தார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கியவர்களிடம் நல்ல பலன் தெரிந்ததாக 1988-ல் இலண்டனின் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பின்னர் வேறு இடங்களிலே சோதித்தபோது அதே பலன் கிட்டவில்லை. அறிவு இப்படித்தான் நடக்கும்: சொல்லும், சோதிக்கும், திருத்திக்கொள்ளும். அந்தச் சோதனையும் ஒரு கிருமியைப் பற்றியதே. மாத்திரையால் வந்த காமாலையைப் பற்றியதன்று.

மேலைநாட்டு மருந்தின் தொல்லையைத் தீர்க்க வழி தேடிய பெருமையும் நம் மண்ணுக்கு உண்டு. 1956-ல் சென்னையில் அமைந்த காசநோய் மருத்துவ ஆய்வு மையம், சானடோரியத்திலே படுத்தால்தான் பிழைப்பான் என்ற எண்ணத்தை உடைத்தது. ஏழையின் குடிசையிலேயே நோயைக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. அங்கேயே, ஐசோனியாசிட் தரும் கால் எரிச்சலை வைட்டமின் கொண்டு தடுக்க முடியுமா என்றும் ஆராய்ந்து 1963-ல் வெளியிட்டார்கள். இன்று வைட்டமின் பி6 என்னும் சிறு மாத்திரை அந்த எரிச்சலைத் தடுக்கிறது. எரிகிறது என்று நோயாளி வாய் திறந்து சொன்னதால் பிறந்த தீர்வு அது! சொல்லாமல் சந்தைக்குப் போயிருந்தால் பிறந்திருக்குமா?

சந்தையிலே காத்திருப்பவன் யார்? தாளிலே பொட்டலம், பொட்டலத்தின்மேல் சித்தர் படம்! என்ன சேர்மானம்? தெரியாது. உலோகம் கலந்ததா, ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்ததா? தெரியாது. காசநோய், நீரிழிவு, புற்றுநோய் ஆகியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் ஏட்டிலே தூங்க, எத்தன் மேடையிலே முழங்குகிறான். முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவரை நாடுங்கள். நாடினால் காசநோய் மாத்திரை உண்பதை அவரிடம் சொல்லுங்கள். தழைச்சாறு குடிப்பதை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

சொல்ல வெட்கமா? ஈரோடு தந்த பெரியாரைப் பாருங்கள்! முதுமையிலே சிறுநீர்க் குழாயோடும் வாளியோடும் மேடை ஏறினார். அவர் மறைத்தாரா? ஓய்ந்தாரா? இரண்டும் இல்லை!

டாக்டர்களுக்கும் ஒரு சொல். "பச்சிலை தின்றாயா?" என்று அதட்டினால் நோயாளி பொய் சொல்வான். "வேறென்ன சாப்பிடுறீங்க?" என்று கனிவோடு கேட்டால் மெய் சொல்வான். 2021 ஆகஸ்டு 5-ல் சாமனப்பள்ளியிலே தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்த திட்டம். வாசலுக்கு மாத்திரை வந்தால் போதாது. இந்தக் கேள்வியும் வரவேண்டும் என்கிறோம்.

மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போகும் என்ற அச்சமும் மாத்திரையை நிறுத்த வைக்கிறது. தமிழகத்திலே இ.எஸ்.ஐ. முதலில் கால்வைத்த ஊர் கோவை; ஆண்டு 1955. நோய்க்கால உதவி, கூலியில் 70 சதவிகிதம், 91 நாள் வரை. காசநோய் உள்ளிட்ட 34 நெடுநாள் நோய்களுக்கு, 2 ஆண்டுப் பணியும் உரிய சந்தாவும் உடையவர்க்கு 80 சதவிகிதம், 2 ஆண்டு வரை உண்டு. இது பிச்சையல்ல, உரிமை! ஆனால் காண்டிராக்ட் கூலியாகப் பெயரே பதியாமல் உழைப்பவன் எந்த ஏட்டைக் காட்டி இதைக் கேட்பான்? அவன் பெயரைப் பதிய வைப்பதும் சங்கத் தோழர்களின் வேலையே.

ஆகவே தோழர்களே, இந்த வாரம் உங்கள் தெருவிலே இருமுகிற ஒருவரைப் பாருங்கள். மாத்திரை தொடர்கிறதா, தொல்லை உண்டா, வேறென்ன குடிக்கிறார் என்று கேளுங்கள். கண்ணிலே மஞ்சள் தெரிந்தால் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கொடி பிடித்த கைக்கு அதைவிடப் பெரும் பணி வேறில்லை!