பழைய கேரவனுக்கு எது நியாயமான விலை?

கேரவன் என்றதும் தமிழ் மனசுக்கு முதலில் வருவது சினிமா ஷூட்டிங்தான். ஹீரோ ஷாட் இல்லாத நேரத்தில் ஏசி போட்டு உட்காரும் வண்டி. குடும்பத்தோடு ஊர் சுற்ற, உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்த வண்டி என்ற அர்த்தத்தில் அது நம் பக்கம் இன்னும் அபூர்வம். கேரளா 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. மற்ற இடங்களில் ஆர்வம் உள்ளவர்கள் செய்வது ஒன்றுதான்: ஓடின டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு குட்டி வீடு கட்டுவது. நாலைந்து வருஷம் கழித்து அது விற்பனைக்கு வரும். அப்போதுதான் தகராறு ஆரம்பம். ஏனென்றால் இதற்கு மார்க்கெட் ரேட் என்று ஒன்று கிடையாது. ஸ்பிளெண்டர் பைக்கா, டீக்கடையில் கேட்டாலே விலை சொல்வார்கள். கேரவனுக்கு யாரைக் கேட்பது?

இதைப் பேச கோட்டுச்சேரி சரியான இடம். காரைக்காலுக்கு வடக்கே, புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த ஊர். சில கிலோமீட்டர் போனால் பூவம், அதைத் தாண்டினால் தமிழ்நாடு, தரங்கம்பாடி. திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி மூன்றுக்கும் சேர்த்து யாத்ரீகர்களை ஏற்றி ஓடும் வேன்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. கிழக்கே கடல், அதாவது உப்புக்காற்று. நம்பர் பிளேட் பிஒய் 02. இத்தனையும் ஒரு பழைய வண்டியின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற விஷயங்கள்.

பேரம் பேசுவது பற்றி நம் ஊரில் உள்ள ஞானம் எல்லாம் மாட்டுச் சந்தையிலிருந்து வந்தது. துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் "சொன்ன விலையில் பாதியில் ஆரம்பி, முகத்தில் ஆசையைக் காட்டாதே, கிளம்புற மாதிரி நடி" என்கிற அறிவுரைகள். கத்திரிக்காய்க்கு இது போதும். வண்டிக்குப் போதாது. பாதியில் ஆரம்பிப்பார்கள் என்று தெரிந்தவர் இரட்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறார்! இரண்டு பொய்யின் நடுவில் இருக்கும் எண் உண்மையாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மாட்டுச் சந்தையிலும் உருப்படியான பாடம் ஒன்று உண்டு. விலை பேசுவதற்கு முன்னால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுதான் முக்கியக் காரணம். விஷயம் எளிமையானது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சேர்த்துக் குறைத்தே கேட்பார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்பவர் ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். ஆக, அடிமாட்டு விலைக்குக் கேட்பது சாமர்த்தியம் மாதிரி தெரிந்தாலும், நல்ல வண்டியைத் துரத்தி அடிக்கிற வேலை அது.

நியாயமான விலைக்கு வழி என்ன? இரண்டு பேருக்கும் ஒரே அளவு தெரிய வேண்டும். பேச்சு அதற்குப் பிறகு.

கணக்காகவே பார்க்கலாம் (எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்). கோட்டுச்சேரிக்காரர் ஒருவர் தன் கேரவனுக்கு 9 லட்சம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கில் நியாயம் இருக்கிறது: வேன் வாங்கினது 5 லட்சம், உள் வேலை 4 லட்சம். மயிலாடுதுறையிலிருந்து வாங்க வந்தவர் 4 லட்சம் என்கிறார். அவர் கணக்கில் எதுவுமே இல்லை, சும்மா பாதிக்கும் கொஞ்சம் கீழே.

"நாலு லட்சம் உள்ளேயே போட்டிருக்கேன் தம்பி, நீங்க மொத்த வண்டியையும் நாலுக்குக் கேக்கறீங்களே?"

"அண்ணே, பழைய வண்டிதானே அண்ணே..."

இதற்கு மேல் இந்தப் பேச்சு நகராது. தரகர் ஒருவர் நடுவில் வந்து, ஆளுக்கு ஒரு காதில் ஒரு விலை சொல்லி, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கி முடித்துவைப்பார்.

முதலில் கேரவனை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வண்டி தனி, வீடு தனி. அதே மாடல், அதே வருஷம், அதே பிஒய் 02 நம்பரில் உள் வேலை இல்லாத சாதா வேன் காரைக்கால் வட்டாரத்தில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று விசாரித்தால் அடிப்படை விலை கிடைத்துவிடும். கேரவனுக்குத்தான் ரேட் இல்லை, வேனுக்கு உண்டு. அது நாலரை என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது வீடு. இங்கேதான் விற்பவர்கள் நிறையப் பேர் மனசு உடைவது. நகைக்கடையில் பழைய சங்கிலியைப் போட்டால் செய்கூலி, சேதாரம் திரும்பி வருமா? வராது. தங்கத்தின் எடைக்குத்தான் காசு. கேரவனின் உள் வேலையும் அப்படித்தான். 4 லட்சம் போட்டது உண்மை, ஆனால் அதில் பெரும்பகுதி அவர் ருசிக்குப் போட்டது. பேட்டரி வயசாகிவிட்டது, மெத்தை அமுங்கிவிட்டது, பிளைவுட் உப்பிவிட்டது. வாங்குபவர் இதே வேலையை இன்று புதிதாகச் செய்தால் என்ன ஆகும், அதில் எத்தனை வருஷ உபயோகம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் அளவு. ஒன்றேகால் லட்சம் என்று வைத்தால் மொத்தம் 5.75.

பிறகு கழிக்க வேண்டியவை. கடலோர வண்டிக்குத் துருதான் பெரிய எதிரி, அதுவும் கண்ணில் படாத இடத்தில் இருக்கும். சேஸ், சக்கர வளைவின் உள்பக்கம், கதவின் அடிப்பகுதி. பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் வெளியே மினுமினுக்கும். சின்ன காந்தம் ஒன்று போதும். கெட்டியாகப் பட்டி வைத்த இடத்தில் ஒட்டாது. இன்னொரு எதிரி ஈரம். ஐரோப்பாவில் பழைய கேரவன் பார்க்கப் போகிறவர்கள் சுவரில் ஈரம் அளக்கும் கருவியோடு போவார்கள். கூரையில் ஜன்னலும் ஏசியும் பொருத்த வெட்டிய இடங்களில் தண்ணீர் கசிந்து உள்ளே மரம் அழுகிக் கிடக்கும் என்பதால். டெல்டாவில் கருவியே தேவையில்லை. சித்திரை வெயிலில் போய்ப் பார்க்காமல் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போய்ப் பார்த்தால் வண்டியே சொல்லிவிடும்.

டிங்கரிங்குக்கு 60 ஆயிரம், டயருக்கு 50 ஆயிரம் என்று மெக்கானிக் சொன்னால் 5.75ல் 1.10 போக 4.65. இந்தக் கழிவை வாயால் சொல்லக்கூடாது, மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி விற்பவர் கையில் கொடுக்க வேண்டும். எழுதின கணக்கைப் பார்த்து யாரும் கோபப்படுவதில்லை, "இந்த டயர் இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்று சண்டை போடலாம், அவ்வளவுதான். சண்டை டயரைப் பற்றியதாக இருக்கும், மரியாதையைப் பற்றியதாக இருக்காது. காரைக்காலிலிருந்து பிரான்ஸ் போன குடும்பங்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே 4 வருஷத்துக்கு மேலான வண்டியைத் தனிநபருக்கு விற்கிறவர் 6 மாதத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றை வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும். நம் சட்டத்தில் தனிநபர் விற்பனைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லாததால் அந்த வேலையை மெக்கானிக்கை வைத்து நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது எல்லைக்கு வரலாம். மயிலாடுதுறைக்காரர் இந்த வண்டியைத் தமிழ்நாட்டிலேயே வைத்திருக்கப் போகிறார் என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவுப்படி 12 மாதத்துக்கு மேல் பிஒய் நம்பரில் ஓட்ட முடியாது. காரைக்கால் ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, டிஎன் நம்பருக்கு மாற்ற வேண்டும். தமிழ்நாடு 2023 நவம்பரில் வாகன வரியை உயர்த்தியது. புதிய கார்களுக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம் ஆயுள் வரி. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் கணிசமான தொகைதான். இந்தச் செலவை விற்பவர் தலையில் கட்டி விலையைக் குறைக்கலாமா?

பலர் அதைத்தான் செய்கிறார்கள். அது சரியில்லை. துரு யார் வாங்கினாலும் துருதான், அதனால் அது வண்டியின் குறை. நம்பர் மாற்றும் செலவு அப்படியல்ல. நெடுங்காட்டுக்காரரோ திருநள்ளாற்றுக்காரரோ வாங்கினால் அந்தச் செலவே கிடையாது. வாங்குபவரின் முகவரி எப்படி வண்டியின் குறையாகும்? பிஒய் வேன்களோடு ஒப்பிட்டுத்தான் நாலரை என்ற அடிப்படை விலையே போட்டோம், திரும்பவும் கழித்தால் ஒரே செலவை இரண்டு தடவை கழித்த மாதிரி. 4.65ம் வரியும் சேர்த்துக் கட்டுப்படியானால் வாங்கலாம், இல்லாவிட்டால் டிஎன் வண்டியே தேடலாம். நம்பரை மாற்றாமலே ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் 2017ல் கேரளாவில் புதுச்சேரி நம்பர் சொகுசு கார்கள் வழக்கில் சிக்கியதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

ஆர்சி புத்தகத்தில் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று. வண்டியை என்னவென்று எழுதியிருக்கிறது? மோட்டார் கேரவன் என்று தனி வகையே இருக்கிறது, அதற்கு ஏஐஎஸ் 124 என்று தரநிலையும் இருக்கிறது. ஆனால் வீட்டோரம் நிறுத்தி ஆசாரியை வைத்துக் கட்டின கேரவன்கள் ஆர்சியில் இன்னும் 12 சீட் வேனாகவே இருக்கலாம். தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. மாற்றம் ஆர்சியில் ஏறவில்லையென்றால் எஃப்சியிலும் சிக்கல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல். அப்படிப்பட்ட வண்டியில் உள் வேலைக்கு ஒன்றேகால் லட்சம் கொடுப்பது அநியாயம். அதன் மதிப்பு பூஜ்யம், கழற்றும் கூலியையும் சேர்த்தால் பூஜ்யத்துக்கும் கீழே. விற்பவருக்கு இது கசக்கும். விற்பதற்கு முன்பே ஆர்டிஓ ஆபீசில் சரி செய்துகொண்டால் அந்த ஒன்றேகாலை நிமிர்ந்து கேட்கலாம்.

பேரம் என்றாலே வாங்குபவருக்குத்தான் ரிஸ்க் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நிஜத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் விற்றவர். "ஃபார்ம் 29, 30ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்கண்ணே, பேரை நான் மாத்திக்கறேன்" என்று வெற்றுப் படிவத்தோடு போகிற வண்டிகள் எத்தனை! பெயர் மாற்றச் செலவை மிச்சம் பிடிக்க அவர் அதை மாற்றாமலே இன்னொருவருக்கு விற்பார். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அச்சு அசலாக இதுதான். 2007ல் விற்ற கார், கை மாறிக் கை மாறி, 2009ல் விபத்து. நஷ்டஈடு கட்ட வேண்டியவர் யார்? ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றது நீதிமன்றம். அதாவது இரண்டு வருஷத்துக்கு முன்பே விற்றுவிட்டு மறந்துபோனவர்!

அதனால் பெயர் மாற்றமும் விலையின் ஒரு பகுதிதான். 10 ஆயிரம் கூடக் கொடுத்து "பேரை அப்புறம் மாத்திக்கறேன்" என்பவரைவிட, 10 ஆயிரம் குறைத்துக் கொடுத்து நாளைக்கே ஆர்டிஓ ஆபீசுக்கு வருகிறவர் நல்ல விலை கொடுக்கிறார். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில், வெளி மாநிலத்துக்கு விற்றால் 45 நாளில் விற்பவர் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கினவருக்கு 30 நாள். வண்டி மேல் பைனான்ஸ் இருந்தால் ஃபார்ம் 35 கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுப்பது மடத்தனம். அட்வான்ஸ் கொடுக்கலாம், அதுவும் "என்ஓசி கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்" என்று பேப்பரில் எழுதி. வண்டியைக் கொடுக்கும் அன்று தேதி மட்டும் எழுதாமல் மணி, நிமிஷத்தோடு எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு காப்பி. சாயந்திரம் ஐந்து மணிக்குக் கோட்டுச்சேரியில் சாவி கைமாறினால் ஐந்தரைக்குள் வண்டி பூவம் தாண்டி வேறு மாநிலத்தில் இருக்கும்.